நாலு எழுத்து, ஒரு புள்ளி

எங்க வீட்டுல பேர் வெட்டாத பாத்திரம் அடுப்பேறாது. இது அம்மாவோட சட்டம். கும்பகோணத்துல ஒரு டம்ளர் வாங்கினாலும் சரி, அண்டா வாங்கினாலும் சரி, பில்லு போட்ட கையோட கடை வாசல்ல உக்காந்திருக்கிற பேர் வெட்டுறவர்கிட்ட நீட்டிட்டுத்தான் மறுவேலை. நான் சின்னப்புள்ளையா இருந்தப்போ அவர் கைல ஒரு குட்டி உளியும் சுத்தியலும் இருக்கும், டக்கு டக்குன்னு தட்டித் தட்டியே புள்ளி புள்ளியா எழுத்து வரும், எங்க வீட்டு பித்தளைக் குடத்துல இன்னும் அந்தப் புள்ளி எழுத்துதான். அப்புறம் கரண்ட் பேனா வந்துச்சு. டர்ர்ர்ருன்னு பல்லு கூசுற சத்தம், ரெண்டே நிமிஷம், முடிஞ்சுது. எழுத்துக்கு இவ்வளவுன்னு காசு, அதனாலயே பாதி வீட்டுப் பாத்திரத்துல இனிஷியலோட நிறுத்திக்குவாங்க.

காரணம் ஒண்ணும் பெருசா இல்ல. தெருவுல ஒரு காதுகுத்து, ஒரு அன்னதானம்னா பத்து வீட்டுப் பாத்திரம் ஒண்ணா சேர்ந்து போகும், திரும்பி வர்றப்போ நம்ம அடுக்கு நம்ம வீட்டுக்கே வரணும். அவ்வளவுதான்.

அம்மா கல்யாணத்துக்கு வந்த பாத்திரத்துல எல்லாம் தாத்தாவோட இனிஷியல். அதுக்கப்புறம் வாங்கினதுல எல்லாம் அப்பாவோட இனிஷியல். நடுவுல "சித்தி சித்தப்பா அன்பளிப்பு" மாதிரி சில்லறை ஐட்டங்கள். நாப்பது வருஷமா அந்த சமையக்கட்டை ஆண்டவங்க பேரு எதுலயும் கிடையாது. இதை நான் கவனிச்சதே ஒரு கண்ணாடி டம்ளர் வந்ததுக்கு அப்புறம்தான், அந்தக் கதையைத்தான் எழுத வந்தேன்.

நான் செக் நாட்டுத் தலைநகர் பிராக்ல ஒரு சாஃப்ட்வேர் கம்பெனில டெஸ்டரா இருக்கேன். 2019 ஜூன்ல அம்மாவும் அப்பாவும் ஒரு மாசம் வந்திருந்தாங்க. வர்றவங்கள எல்லாரும் கூட்டிட்டுப் போற மாதிரி நானும் கார்லோவி வாரிக்குக் கூட்டிட்டுப் போனேன், பிராக்ல இருந்து பஸ்ல ரெண்டு மணி நேரத்துக்கு மேல. வெந்நீர் ஊத்து ஊரு. ஊருக்கு நடுவுல ஒரு ஊத்து பன்னெண்டு மீட்டர் வரைக்கும் பீச்சி அடிக்கும், தண்ணி எழுபத்து மூணு டிகிரி சூடு. 124 தூண் வச்ச ஒரு மண்டபம் இருக்கு, அதைப் பார்த்து அப்பா "ராமேஸ்வரம் பிரகாரத்தை கொஞ்சம் சின்னதா கட்டியிருக்கான்"னாரு. ஊத்துத் தண்ணிய மூக்கு வச்ச பீங்கான் கப்புல பிடிச்சு உறிஞ்சிக்கிட்டே நடக்கணும், வயித்துக்கு நல்லதாம். அம்மா ஒரு வாய் குடிச்சிட்டு "துருப்பிடிச்ச குழாய்ல வந்த உப்புத்தண்ணி"ன்னு அந்தப் பக்கம் பூச்செடிக்கு ஊத்திட்டாங்க.

அம்மா கண்ணு போனது கடைங்க மேல. அந்த ஊர்ல ரெண்டு கடைக்கு ஒரு கடை கண்ணாடிக் கடை. ஒரு சின்ன சந்துல, வெளில பெருசா போர்டு கூட இல்லாத ஒரு கடைல ஜன்னலோரமா ரத்தச் சிவப்புல ஒரு டம்ளர். ஒரு பக்கம் காடு, ஒரு மான், சிவப்புக்கு நடுவுல வெள்ளையா மின்னுது. இன்னொரு பக்கம் நீள்வட்டமா ஒரு சட்டம், உள்ள ஒண்ணுமே இல்ல. அம்மா அதை எடுத்து, விரலால சுண்டிப் பார்த்து, திருப்பிப் பார்த்து, அந்தக் காலி இடத்தைத் தொட்டுக் காட்டிக் கேட்டாங்க.

"இதுல பேர் வெட்டித் தருவாரா கேளுடி."

எனக்கு மானமே போயிடுச்சு. "அம்மா, இது பாத்திரக்கடை இல்ல, இதெல்லாம் ஆர்ட்டும்மா"ன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு சொன்னேன். அதுக்குள்ள உள்ள ஸ்டூல்ல உக்காந்திருந்த பெரியவர் எந்திரிச்சு வந்து, அம்மா விரல் இருந்த இடத்தையே தன் விரலால தொட்டு, தலையாட்டி, பேப்பரும் பென்சிலும் எடுத்து நீட்டிட்டாரு. அந்தச் சட்டம் இருக்கிறதே பேருக்குத்தானாம். இருநூறு வருஷமா அந்த ஊருக்கு வர்றவங்க கேக்குற கேள்வியத்தான் எங்கம்மாவும் கேட்டிருக்காங்க, முட்டாள் நான்தான்.

இதை அப்புறம் உக்காந்து படிச்சேன். 1800-கள்ல இந்த ஊத்து ஊர்களுக்கு பணக்காரங்க வாரக்கணக்கா வந்து தங்குவாங்க, சீசனுக்கு சீசன் செதுக்குறவங்களும் வந்து இறங்கிடுவாங்க. டொமினிக் பீமன்னு ஒருத்தர், 1800-ல பிறந்தவரு, பக்கத்து ஊரான ஃப்ரான்டிஷ்கோவி லாஸ்னியேல வந்தவங்க முகத்தை எதிர்ல உக்கார வச்சு கண்ணாடில செதுக்கிக் கொடுத்திருக்காரு. நம்ம பீச்ல அஞ்சு நிமிஷத்துல படம் வரைஞ்சு தர்றாங்களே, அந்த மாதிரி. ஆனா இவரு கைல இருந்தது பென்சில் இல்ல, சக்கரம். அழிச்சு எழுதவே முடியாத சமாச்சாரம். இன்னைக்கு ராஜா வீட்டுக் கண்ணாடின்னு பேர் வாங்கின மோசர் கம்பெனிய ஆரம்பிச்ச லுட்விக் மோசரும் செதுக்குறவர்தான். கார்லோவி வாரில மட்டோனின்னு ஒரு செதுக்குற வாத்தியார்கிட்ட கத்துக்கிட்டு 1857-ல கடை போட்டாரு, சொந்தமா கண்ணாடி உருக்குற ஃபேக்டரி வந்தது 1893-ல. பேர் வெட்டுறதுல ஆரம்பிச்சவர்தான்னு அம்மாகிட்ட சொன்னப்போ அவங்களுக்கு ஆச்சரியமே இல்ல.

அந்தச் சிவப்பு கூட கண்ணாடியோட சிவப்பு இல்ல. மேல ஒரு பூச்சு, முடியளவு கூட கனம் இருக்காது. கண்ணாடிக்குள்ளயே நல்ல சிவப்பு வரணும்னா அந்தக் காலத்துல பெரும்பாலும் தங்கம் கலக்கணும், அது யாருக்குக் கட்டுப்படியாகும்? ஃப்ரீட்ரிஷ் ஏகர்மன்னு ஒருத்தர் 1832-ல செம்பை வச்சு மேலோட்டமா பூசி, சூளைல சுட்டு இந்தச் சிவப்பைக் கொண்டு வந்தாரு, மஞ்சளுக்கு வெள்ளி. பூசினது மெல்லிசுங்கிறதுதான் இதுல விஷயமே. லேசா சக்கரத்தைக் காட்டினாலே சிவப்பு போய் கீழ இருக்கிற நிறமில்லாத கண்ணாடி பளிச்சுன்னு வந்திடும்.

சரி, பேருக்கு வர்றேன். பேப்பர்ல நான் பழக்க தோஷத்துல அப்பா இனிஷியலை எழுதினேன். அம்மா எட்டிப் பார்த்துட்டு, "என் பேரைப் போடச் சொல்லு"ன்னாங்க. சாதாரணமா, காய்கறிக் கடைல கொசுறு கேக்குற குரல்ல. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி, "போடட்டும், முழுசாவே போடட்டும்"னாரு. நான் இனிஷியலை அடிச்சிட்டு "விசாலம்"னு எழுதினேன்.

பெரியவர் பென்சிலால ஒவ்வொண்ணா தொட்டு எண்ணி ஆறுன்னாரு. அம்மா விரலை மடக்கி நாலுன்னாங்க. அவரு கணக்குல வி ஒண்ணு, ச ஒண்ணு, கால் ஒண்ணு, ல ஒண்ணு, ம ஒண்ணு, மேல புள்ளி ஒண்ணு. "சா ஒரே எழுத்துன்னு சொல்லு, ம்-மும் ஒரே எழுத்து, புள்ளிக்கெல்லாமா காசு வாங்குவாரு?" எனக்குத் தெரிஞ்ச அரைகுறை செக் மொழில தமிழ் இலக்கணம் எடுத்தேன், வாழ்க்கைல மறக்க முடியாத கிளாஸ் அது. கடைசில காலை விட்டுக் கொடுத்தாரு, புள்ளிய விடல. புள்ளிக்கு தனியா சக்கரம் மாத்தணும், தனியா பாலீஷ் போடணும், அதனால அஞ்சு எழுத்துக் காசு. அம்மா உதட்டைப் பிதுக்கிட்டு சரின்னாங்க.

அப்புறம் அவரு என்னை அந்தப் பேரை இன்னும் ரெண்டு தடவை மெதுவா எழுதச் சொன்னாரு. எழுத்தைப் பார்க்கல, என் கையைப் பார்த்தாரு. ல-வை எங்க ஆரம்பிக்கிறேன், சுழி எந்தப் பக்கமா சுத்துது, வி-யோட கொக்கி வ-வோட ஒட்டி வருதா தனியா வருதா, எல்லாத்தையும் கேட்டாரு. கேட்டுட்டு ஒரு மெல்லிசு பிரஷ்ஷால வெள்ளை மையில சட்டத்துக்குள்ள வரைஞ்சாரு. தமிழ் தெரியாத ஒரு மனுஷன் வரைஞ்ச "விசாலம்" என் கையெழுத்தை விட நல்லா இருந்துச்சுன்னா பார்த்துக்கோங்க.

எங்களை உள்ள உக்கார விட்டாரு. தையல் மெஷின் அளவுக்கு ஒரு மேஜை, அதுல படுக்கைவாட்டுல ஒரு தண்டு சுத்துது, தண்டு நுனில சக்கரம். சக்கரம்னதும் பெருசா நினைக்க வேணாம், சிலது அஞ்சு ரூபா காசு அளவு, சிலது மிளகு அளவு. சுவத்துல கட்டைல துளை போட்டு நூத்துக்கும் மேல சொருகி வச்சிருந்தாரு. சிலது வைரத்தூள் பதிச்சது, அதுக்கு ஸ்பாஞ்சுல இருந்து தண்ணி சொட்டணும். சிலது வெறும் செம்பு. செம்பு கண்ணாடிய விட எவ்வளவோ மெத்து, அது எப்படிக் கண்ணாடிய வெட்டும்னு எனக்கு குழப்பம். செம்பு வெட்டல. எமரின்னு ஒரு கடினமான கல்லோட மாவை எண்ணெயில குழைச்சு சக்கரத்து மேல தடவுறாரு, அந்த மாவு மெத்தான செம்புல பதிஞ்சுக்குது, வெட்டுறது அந்த மாவுதான், செம்பு சும்மா அதைச் சுமந்துக்கிட்டு சுத்துது.

அம்மா இது எதையும் கேக்கல. ஒரே ஒரு விஷயத்தைக் கவனிச்சாங்க, நான் கவனிக்காதது. "பேனா நகரல பாரு. டம்ளர்தான் நகருது."

அதேதான். பாத்திரக்கடைல குண்டான் மடியில அசையாம இருக்கும், கரண்ட் பேனா ஓடும். இங்க சக்கரம் நின்ன இடத்துல நின்னு சுத்துது, இவரு ரெண்டு முழங்கையையும் குட்டித் தலைகாணி மேல ஊனிக்கிட்டு, டம்ளரை சக்கரத்துக்கு அடில கொண்டு போய் கீழ இருந்து மேல அழுத்துறாரு. மேல இருந்து பார்த்தா வெட்டுற இடத்தை சக்கரம் மறைக்குது, மீதிய எண்ணெய்க் குழம்பு மறைக்குது. அதாவது வெட்டுற அந்தப் புள்ளி அவரு கண்ணுக்குத் தெரியவே தெரியாது. கட்டைவிரலால வழிச்சு வழிச்சுப் பார்த்துக்குறாரு, மத்தபடி சத்தத்தை வச்சும் கைல வர்ற அதிர்வை வச்சும்தான் வேலை. நானும் காது கொடுத்துக் கேட்டேன், லேசா பட்டா ஸ்ஸ்ஸ்னு இருக்கு, ஆழமா போனா சத்தம் தடிச்சுப் போகுது.

"சாணை பிடிக்கிறவன் வேலைதானே இது"ன்னு அம்மா. தெருவுல சைக்கிளைத் திருப்பிப் போட்டு பெடல் மிதிச்சு அரிவாமனைய சக்கரத்துல காட்டுவாரே, அவரு. சிரிச்சேன், ஆனா சரித்திரம் அம்மா பக்கம்தான். ஐரோப்பாவுல சக்கரத்தால கண்ணாடி செதுக்குறதை மறுபடி பெரிய கலையா நிக்க வச்ச காஸ்பர் லேமன், பிராக்ல ரெண்டாம் ருடால்ஃப் ராஜா அரண்மனைல இருந்தவரு. அங்க மிலான்ல இருந்து வந்த மிசரோனி குடும்பத்துக்காரங்க ஸ்படிகத்தையும் ரத்தினக் கல்லையும் சாணை பிடிச்சு கிண்ணமா செஞ்சுக்கிட்டிருந்தாங்க. கல்லுல பண்ற அதே வேலைய லேமன் கண்ணாடிக்குக் கொண்டு வந்தாரு, 1609-ல ராஜாகிட்ட அதுக்குத் தனி உரிமையும் வாங்கிட்டாரு, வேற யாரும் பண்ணக் கூடாதுன்னு. அப்புறம் 1600-கள் கடைசில பொஹிமியாக்காரங்க, அதாவது இந்த செக் பகுதிக்காரங்க, மரச்சாம்பல்ல எடுக்கிற பொட்டாஷும் சுண்ணாம்பும் சேர்த்து தெளிவான, கனமான கண்ணாடிய உருக்கக் கத்துக்கிட்டாங்க. வெனிஸ் கண்ணாடி மெல்லிசு, ஊதினா பறக்கும், அதுல ஆழமா எங்க வெட்டுறது? இதுல வெட்டலாம்.

அந்த டம்ளர் நகர்ற விஷயம் எனக்கு வேற ஒண்ணை ஞாபகப்படுத்துச்சு. ஓலைச்சுவடி எழுதுறதும் கிட்டத்தட்ட இப்படித்தான். இடது கைல ஓலை, எழுத்தாணிய இடது கட்டைவிரல்ல முட்டுக் கொடுத்து, ஓலையைத்தான் நகர்த்தி நகர்த்தி எழுதுவாங்க, அந்த விரல் நகத்தை வளர்த்து அதுல ஒரு பள்ளம் கூட போட்டு வச்சிருப்பாங்க எழுத்தாணி வழுக்காம இருக்க. எழுத்துன்னு நாம சொல்றதே அப்ப கீறல்தானே, மை அப்புறம் கரி தடவுறப்போ வர்றது. பெரியவர் நடுவுல நிமிர்ந்து, உங்க எழுத்துல ஏன் இத்தனை சுழின்னு கேட்டாரு. அம்மா உடனே "ஓலைல நேர் கோடா இழுத்தா கிழிஞ்சிடும்னு சொல்லு"ன்னாங்க, அம்மாவோட பள்ளிக்கூடத்து வாத்தியார் சொன்ன விளக்கம். சொன்னேன். அவரு சிரிச்சிட்டு சக்கரத்துக்கு இது நேர் எதிர்ன்னாரு. சக்கரத்துக்கு நேர் கோடுதான் சுலபம், வளைவு வந்தா சின்னச் சக்கரமா மாத்தி, துண்டு துண்டா வெட்டி, துண்டு தெரியாம சேர்க்கணும். ல-வுக்கு மட்டும் மூணு சக்கரம் மாத்தினாரு.

சக்கரம் வெட்டின கோட்டைக் கிட்ட வச்சுப் பார்த்தா ஒரு அழகு. நுனில மெல்லிசா இறங்கி, நடுவுல அகலமா ஆழமா போயி, மறுபடி மெல்லிசா ஏறி வெளில வரும், படகு மாதிரி. நகத்தால தடவினா மேடு பள்ளம் தெரியும். கடைத்தெருவுல கையால செதுக்கினதுன்னு சொல்லி விக்கிறதுல இதைத்தான் நான் இப்பல்லாம் பார்க்கிறேன், எல்லாக் கோடும் ஒரே ஆழத்துல ஒரே அகலத்துல சொரசொரன்னு இருந்தா அது மணலை ஊதினதோ லேசரோதான். தப்பில்ல, ஆனா அந்த விலை கொடுக்காதீங்க.

கடைசியா புள்ளி. மிளகு அளவு சக்கரத்தை மாட்டி, ஒரே ஒரு தடவை டம்ளரைத் தொட்டு எடுத்தாரு. அவ்வளவுதான், ஒரு செகண்ட். இதுக்கா காசுன்னு அம்மா என்னைப் பார்த்தாங்க. ஆனா அதுக்கப்புறம் தக்கை மாதிரி ஒரு சக்கரம், வெள்ளையா ஒரு மாவு, அந்தப் புள்ளிய மட்டும் பத்து நிமிஷம் பாலீஷ். மத்த எழுத்தெல்லாம் பனி படிஞ்ச மாதிரி வெளுப்பா விட்டுட்டாரு, புள்ளி மட்டும் தண்ணி மாதிரி தெளிவு. கழுவித் துடைச்சு அம்மா கைல கொடுத்து, வெளிச்சத்துல பிடின்னு சைகை காட்டினாரு. அம்மா பிடிச்சாங்க, கண்ணுக்குக் கிட்ட கொண்டு போனாங்க, "அடியே"ன்னாங்க. அந்தப் புள்ளிக்குள்ள எதிர்ல இருந்த ஜன்னல் முழுசா, குறுக்குச் சட்டம், வெளில போற ஆளு, எல்லாம் கடுகளவுல தெரியுது. குழியா வெட்டி மினுக்கினா அது ஒரு குட்டி லென்ஸ், பெருசை எல்லாம் சின்னதாக்கிக் காட்டும். அப்பாவும் பார்த்தாரு. நானும். வரிசைல நின்னு பார்த்தோம். மானைப் பத்தியும் அம்மா ஒரு தீர்ப்பு சொன்னாங்க, "உடம்பு நல்லாருக்கு, கால் மட்டும் ஆட்டுக்கால்." அதை நான் மொழிபெயர்க்கல.

பெரியவர் படிச்சது வடக்க இருக்கிற கமெனிட்ஸ்கி ஷெனோவ் பள்ளிக்கூடத்துலன்னாரு. அடுத்த வருஷம் நான் மட்டும் தனியா போய்ப் பார்த்துட்டு வந்தேன். சின்ன ஊரு, 1856-ல ஆரம்பிச்ச கண்ணாடிப் பள்ளிக்கூடம், இன்னும் நடக்குது. ஊருக்கு அப்ப பேரு ஷ்டைன்ஷோனாவ். ஜெர்மன் பேசுறவங்க ஊரு. யுத்தம் முடிஞ்சதும் 1945, 46-ல அந்த மக்கள்ல பெரும்பாலானவங்களை மூட்டை கட்டி அனுப்பிட்டாங்க, நாடு முழுக்க கிட்டத்தட்ட முப்பது லட்சம் பேரு. நாஜிங்க பண்ணின அட்டூழியத்துக்கு அப்புறம் நடந்ததுதான், ஆனா சக்கரம் பிடிச்ச கைங்களும் அதுல போச்சு. அங்கிருந்து போனவங்க 1948-ல ஜெர்மனில ரைன்பாக்ங்கிற ஊர்ல மறுபடி ஒரு கண்ணாடிப் பள்ளிக்கூடத்தை நிறுத்தினாங்க. இங்க மிச்சம் இருந்தவங்ககிட்ட இருந்தும் வேலை தொடர்ந்துச்சு, பீமன் பிறந்த அதே ஹராஹோவ் பகுதில 1928-ல பிறந்த யிர்ஷி ஹர்ட்சுபா மாதிரி ஆட்கள் செதுக்குறதை வேற லெவலுக்குக் கொண்டு போனாங்க. 2023-ல கையால கண்ணாடி பண்ற வேலையை செக் உள்பட ஆறு நாட்டுக்கு சேர்த்து யுனெஸ்கோ பட்டியல்ல போட்டாங்க. எனக்கு மனசுல நின்னது வேற. கார்லோவி வாரில வாங்கின பழைய டம்ளர்ல ஊர் பேரு இருந்தா, அதோட ஜெர்மன் பேரான "கார்ல்ஸ்பாட்"னுதான் வெட்டியிருக்கும். ஊரோட பேரை மாத்திட்டாங்க, போர்டை மாத்திட்டாங்க, ரயில் டைம்டேபிளை மாத்திட்டாங்க. டம்ளர்ல வெட்டினதை யாரு மாத்துறது.

ஒரு சொதப்பலையும் சொல்லிடுறேன். 2022-ல பெரியம்மா அறுபதாம் கல்யாணத்துக்கு அதே மாதிரி ஒண்ணு கொடுக்கலாம்னு, கார்லோவி வாரி போக நேரமில்லாம, ஆன்லைன்ல ஒரு கிஃப்ட் கடைல லேசர்ல பேர் போட்டு ஆர்டர் பண்ணினேன். பெரியம்மா பேரு செல்லம்மா. டப்பாவைத் திறந்தா, ச தனியா நிக்குது, அதுக்குப் பின்னாடி கொம்பு தனியா, கொம்புக்குப் பக்கத்துல புள்ளி புள்ளியா ஒரு வட்டம். அந்த வட்டத்தைப் பார்த்ததுமே புரிஞ்சிடுச்சு, என் வேலையே இந்த மாதிரி பிழையைப் பிடிக்கிறதுதான், தமிழைக் கோக்கத் தெரியாத ஒரு சாஃப்ட்வேர் யூனிகோடை அப்படியே வரிசையா துப்பியிருக்கு. லேசர் மேல குத்தமில்ல, அது சூட்டுல கண்ணாடிய நுணுக்கி நுணுக்கி உடைக்கும், என்ன கொடுத்தாலும் அச்சு பிசகாம செதுக்கும். அதையும் அச்சு பிசகாம செதுக்கியிருந்துச்சு, அந்த வட்டத்தோட ஒவ்வொரு புள்ளியையும். கடைக்காரங்ககிட்ட கேட்டா "ஃபைல்ல அப்படித்தான் இருந்துச்சு"ன்னாங்க. பெரியம்மா அதுல இப்ப டூத் பிரஷ் வச்சிருக்காங்க, வர்றவங்ககிட்ட எல்லாம் காட்டி சிரிக்கிறாங்க, அது ஒரு விதத்துல நல்ல பரிசுதான்.

அம்மாவோட டம்ளர் ஷோகேஸுக்குப் போகல. எவர்சில்வர் தட்டுங்க அடுக்கின அலமாரில, சக்கரை டப்பாவுக்குப் பக்கத்துல நிக்குது. பேர் வெட்டுறதே வெளில போய்த் திரும்பி வரத்தான்னு சொன்ன அம்மா, இதை மட்டும் யாருக்கும் எடுத்துக் கொடுத்ததில்ல. சுடுதண்ணி ஊத்தக் கூடாது, சோப்பு நார் போட்டுத் தேய்க்கக் கூடாது, வேலைக்கு வர்ற அக்கா கைல கொடுக்கக் கூடாது. பக்கத்து வீட்டு வாண்டு ஒருநாள் அதை எழுத்துக் கூட்டிப் படிச்சிட்டு "பாட்டி, விசாலம்னா யாரு?"ன்னு கேட்டிருக்கான். தெருவுல அவங்க "சார் வீட்டம்மா", அவனுக்கு எப்படித் தெரியும்.

போன தை மாசம் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா ஒரு புது அடுக்கு வாங்கணும்னாங்க, மூணு பேரும் கடைக்குப் போனோம். பில் போட்டு வாசலுக்கு வந்தா பேர் வெட்டுறவர் பிளக்கைச் சொருகிட்டு, வழக்கம்போல அப்பாவைப் பார்த்து "என்ன போடணும் சார்"னாரு. அப்பா வாயைத் திறந்தாரு.

"விசாலம்"னாங்க அம்மா. "நாலு எழுத்து."

அவரு மடியில அடுக்கைச் சாய்ச்சுக்கிட்டு டர்ர்ர்ருன்னு ஆரம்பிச்சாரு. ம வரைக்கும் வந்துட்டு, கடைசியா பேனாவைத் தூக்கி டிக்குன்னு ஒரு புள்ளி வச்சாரு. அம்மா பர்ஸைத் திறந்துக்கிட்டே, என்னை ஒரு பார்வை பார்த்துட்டு, அவர்கிட்ட கேட்டாங்க.

"புள்ளிக்கு தனியா காசு உண்டாப்பா?"

"புள்ளிக்கெல்லாம் யாரும்மா காசு வாங்குவா."